தாதுக்குழம்பில் நீரகற்றல்

தாதுக்குழம்பில் நீரகற்றல் என்பது, அரைத்த கனிமத் துகள்கள் நீருடன் கலந்துள்ள குழம்பிலிருந்து நீரைப் பிரிக்கும் செயன்முறை ஆகும். தாதுவை அரைக்கவும் வேண்டாத கல்லை நீக்கவும் பெருமளவு நீர் தேவைப்படுகின்றது. உருக்காலைக்கோ அந்நீர் சுமையே.

செயன்முறை

முதலில் குழம்பு, கெட்டிப்பான் எனும் அகன்ற வட்டத் தொட்டியில் விடப்படுகின்றது. துகள்கள் தம் எடையால் கீழே படிகின்றன. மெதுவாகச் சுழலும் கரங்கள் படிவை நடுவிற்குத் தள்ளுகின்றன. தெளிந்த நீர் விளிம்பில் வழிந்து ஆலைக்கே திரும்புகின்றது.

இதில் நுண்துகள்களே பெருஞ்சிக்கல். ஸ்டோக்சு விதிப்படி, படியும் வேகம் விட்டத்தின் இருபடிக்கு நேர்விகிதத்தில் அமையும். நீரில் 10 மைக்ரான் குவார்ட்சுத் துகள் ஒரு மீட்டர் இறங்க ஏறத்தாழ 3 மணிநேரம் ஆகும். 1 மைக்ரான் துகளுக்கு 12 நாட்களுக்கு மேலாகும். ஆகவே பாலிஅக்ரைலமைடு போன்ற நீள்மூலக்கூறுகளைச் சேர்த்துத் துகள்களைத் திரளச் செய்கின்றனர்.

அடுத்தது வடிகட்டல். தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிடுவதை ஒத்தது இது. வெற்றிட வடிகட்டியில் நீரைத் தள்ளும் அழுத்தம் ஒரு வளிமண்டல அழுத்தத்தைத் தாண்ட முடியாது; அழுத்த வடிகட்டிக்கு அவ்வரம்பு இல்லை. துகள் இடுக்குகளில் நுண்புழை விசையால் தங்கும் எஞ்சிய நீரை வெப்பத்தால்தான் நீக்க இயலும். அது செலவு மிக்கது.

குதிரேமுக்

கர்நாடகத்தின் குதிரேமுக் சுரங்கத்தில் கிடைத்த இரும்புச் சத்துக் குறைந்த மாக்னடைட் தாது, மலையிலேயே செறிவூட்டப்பட்டது. அது குழம்பாகவே 67 கிலோமீட்டர் குழாய் வழியே மங்களூருக்கு இறங்கியது. நீரகற்றல் அங்குதான் நடந்தது. கழிவுக் குழம்போ மலையிலேயே, லக்யா அணைக்குப் பின்னால் தேக்கப்பட்டது. உச்ச நீதிமன்றத்தின் 2002ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி 2005 இறுதியில் சுரங்கப்பணி நின்றது. அணையும் கழிவும் அங்கேயே உள்ளன.

நீர் எஞ்சினால்

ஈரம் மிகுந்த நுண்தாது, பார்வைக்குத் திண்மமாகத் தோன்றினாலும் குலுங்கும்போது நீர்மம் போல் நகரும். 2009 சூலையில், மங்களூரிலிருந்து இரும்புத்தாதுத் தூள் ஏற்றிச் சென்ற 'ஏசியன் பாரஸ்ட்' கப்பல் சரக்கு நகர்ந்ததால் சாய்ந்து மூழ்கியது. கழிவு அணைகளில் இதே விளைவு இன்னும் கொடியது. பிரேசிலின் புருமாதின்யோவில் 2019 சனவரி 25 அன்று இரும்புத்தாதுக் கழிவு அணை உடைந்து, ஏறத்தாழ 270 பேர் இறந்தனர். கழிவையும் வடிகட்டி, ஈரமண் பதத்தில் குவிக்கும் முறைக்குச் செலவு கூடுதல். எனினும் அதற்குக் குழம்பைத் தேக்கும் அணை தேவையில்லை.