விலை ஏறினால் பழி யாருக்கு? அக்ராவின் சந்தைப் பெண்கள்

1979 ஆகஸ்ட் 18 அன்று கானாவின் தலைநகர் அக்ராவில் இருந்த மகோலா முதலாம் எண் சந்தையை ராணுவத்தினர் வெடிவைத்துத் தகர்த்தார்கள். 1924இல், பிரிட்டிஷ் ஆட்சியில் திறக்கப்பட்ட சந்தை அது. கடைக்காரர்களில் பெரும்பாலோர் பெண்கள். சரக்கைப் பதுக்கி விலையை ஏற்றினார்கள் என்பது அவர்கள்மீதான குற்றச்சாட்டு.

இவ்வளவு பெரிய வியாபாரம் பெண்கள் கைக்கு எப்படி வந்தது? அக்ரா, கா இன மக்களின் கடலோர ஊர். ஆண் கடலுக்குப் போவான். மீன் கரையேறியதும் அது மனைவியின் பொறுப்பு. புகைபோட்டுப் பதப்படுத்தி விற்பதும், விற்ற காசுக்குக் கணவனிடம் கணக்குத் தீர்ப்பதும் அவள்தான். கணவன் பணமும் மனைவி பணமும் தனித்தனி. காலனியாட்சி பள்ளிப்படிப்பையும் குமாஸ்தா வேலையையும் பெரும்பாலும் ஆண்களுக்கே தந்ததால், பெண்களுக்கு மிஞ்சியது சந்தை. அதை அவர்கள் விரித்துக்கொண்டே போனார்கள். சரக்கோடு அவர்கள் ஏறிவந்த மரக்கூண்டு லாரிகளுக்கு ‘மம்மி லாரி’ என்றே பெயர் விழுந்தது.

தக்காளிக்கு ஒரு தலைவி, வள்ளிக்கிழங்குக்கு ஒரு தலைவி என்று பொருளுக்கொரு ‘சந்தை ராணி’ உண்டு. சண்டையைத் தீர்ப்பது, அதிகாரிகளிடம் பேசுவது, இழவு வீட்டுக்குப் பணம் திரட்டுவது எல்லாம் அவர் வேலை. முதலுக்கு ‘சுசு’ முறை கைகொடுத்தது. நம்மூர்த் தண்டல்காரர் தினமும் வந்து கடனை வசூலிப்பார்; சுசுக்காரர் தினமும் வந்து சேமிப்பை வாங்கிப்போவார். மாதக் கடைசியில் ஒருநாள் தொகையைக் கூலியாகக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தருவார்.

1970களில் நாட்டின் கோகோ ஏற்றுமதி வருமானம் சரிந்தது. நாணய மதிப்பைச் செயற்கையாக உயர்த்திப் பிடித்திருந்தார்கள். இறக்குமதி உரிமம் செல்வாக்குள்ளவர்களுக்குப் போனது. 1977இல் பணவீக்கம் 100 சதவீதத்தைத் தாண்டியது. அரசு நிர்ணயித்த விலைக்கு விற்றால் கொள்முதல் காசே தேறாது. பதுக்கியவர்கள் இல்லாமலில்லை. ஆனால் உரிமம் கொடுத்தவரின் முகம் யாருக்கும் தெரியாது. விலையைச் சொல்லும் கடைக்காரியின் முகம்தான் ஊருக்கே தெரியும்.

1979 ஜூன் 4 புரட்சியில் ராணுவ அதிகாரி ஜெர்ரி ராலிங்ஸ் ஆட்சிக்கு வந்ததும் ராணுவத்தினர் சந்தைகளில் புகுந்து சரக்கைக் கட்டுப்பாட்டு விலைக்கு விற்கவைத்தார்கள். பெண்களுக்குப் பொது இடத்தில் கசையடி விழுந்தது. அப்போது வாங்கியவர்களுக்குக் கொண்டாட்டம்தான். ஆனால் விற்றுத் தீர்ந்த இடத்தை நிரப்பப் புதுச் சரக்கு வரவில்லை. நட்டத்துக்கு யார் கொண்டுவருவார்கள்? ஆகஸ்டில் தகர்க்கப்பட்ட மகோலா சந்தையின் இடம் பின்னாளில் வாகன நிறுத்தமானது. அதற்கு ‘ராலிங்ஸ் பார்க்’ என்று பெயரும் வைத்தார்கள்!

வியாபாரமோ பக்கத்துத் தெருக்களுக்கும் மற்ற மகோலா சந்தைகளுக்கும் பரவியது. தக்காளி ராணிகள் வரத்தைக் கட்டுப்படுத்தி விலையைத் தூக்குகிறார்கள் என்ற புகார் பின்னாளிலும் ஓயவில்லை. அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆனால் வறண்ட பருவத்தில் உள்ளூர் விளைச்சல் குறையும்போது கையில் ரொக்கத்தோடு எல்லை தாண்டி, புர்கினா பாசோ வயல்களுக்கே போய்த் தக்காளி ஏற்றிவருபவர்களும் அந்தப் பெண்கள்தான்.