சந்தைக் குப்பையில் பிறக்கும் மின்சாரம்

பெரிய காய்கறி அங்காடி ஒன்றுக்கு விடியற்காலையில் லாரி லாரியாகத் தக்காளியும் முட்டைக்கோசும் வாழைத்தாரும் வந்து இறங்குகின்றன. பிற்பகலில் அங்கிருந்து லாரியில் வெளியே போவது என்ன? கோசின் வெளியிலைகள், நசுங்கிய தக்காளி, வாழைத்தண்டு, அழுகிய பழம். விலை போகாதவை எல்லாம் ஊருக்கு வெளியே ஓரிடத்தில் மலையாகக் குவிகின்றன. அங்கே ஈ மொய்க்கிறது, துர்நாற்றம் வீசுகிறது, மழை பெய்தால் அழுகல் நீர் அருகிலுள்ள நீர்நிலையில் கலக்கிறது.

இந்தக் குப்பையைக் கொண்டே அங்காடியின் விளக்குகளை எரிக்க முடியுமா? முடியும் என்று செகந்திராபாத்தில் உள்ள போயின்பள்ளி காய்கறி அங்காடி காட்டியிருக்கிறது. ஐதராபாத்திலுள்ள இந்திய வேதியியல் தொழில்நுட்பக் கழகத்தின் முறையில் அங்கு ஓர் எரிவாயு ஆலை அமைக்கப்பட்டது. 2021 ஜனவரி 31-இல் பிரதமர் தம் வானொலி உரையில் இதைக் குறிப்பிட்டார். நாள்தோறும் சுமார் 10 டன் கழிவிலிருந்து ஏறத்தாழ 500 யூனிட் மின்சாரமும், 30 கிலோ எரிபொருளும் கிடைத்ததாக அப்போது தெரிவிக்கப்பட்டது. மின்சாரம் அங்காடியின் விளக்குகளுக்கும், எரிபொருள் அங்குள்ள உணவகத்தின் அடுப்புக்கும் பயன்பட்டன.

சேற்றிலிருந்து எழுந்த குமிழி

இதன் அடிப்படை புதிதன்று. நரிக்குடி, திருச்சுழி பக்கத்துக் கண்மாய்களில் நீர் வற்றிவரும் காலத்தில், கரையோரச் சேற்றில் ஒரு கம்பை ஊன்றிக் கிளறிப் பாருங்கள். குமிழிகள் எழும்பும். 1776-இல் வட இத்தாலியிலுள்ள மஜ்ஜோரே ஏரியில் அலெஸ்ஸான்ட்ரோ வோல்டா இதைத்தான் செய்தார். எழும்பிய வாயுவைப் பிடித்துத் தீ வைத்துப் பார்த்தார், எரிந்தது. 'வோல்ட்' என்ற மின்னழுத்த அலகுக்குப் பெயர் தந்தவர் இவரே. அவர் கண்ட வாயு மீத்தேன். நம் கிராமங்களின் சாண எரிவாயுக் கலத்தில் உண்டாவதும் அதுதான்.

காற்றுப் படாத இடத்தில் தாவரப் பொருள் மட்கும்போது மீத்தேன் தோன்றுகிறது. முதலில் ஒருவகை நுண்ணுயிர்கள் மாவுப்பொருளையும் நாரையும் சர்க்கரைகளாகச் சிதைக்கின்றன. அடுத்து வேறு சில அவற்றை அமிலங்களாக மாற்றுகின்றன. கடைசியில் ஆர்க்கியா எனப்படும் நுண்ணுயிர்கள் அவற்றிலிருந்து மீத்தேனை உண்டாக்குகின்றன. வெளிவரும் வாயுவில் சுமார் 60 விழுக்காடு மீத்தேன். மீதியில் பெரும்பகுதி கரியமில வாயு.

ஆலையில் நடப்பது என்ன?

கழிவு நகரும் பட்டையில் ஏறிச் செல்கிறது. இயந்திரம் அதைத் துண்டாக்கிக் கூழாக அரைக்கிறது. துண்டு சிறியதாக இருந்தால் மேற்பரப்பு மிகுதி. நுண்ணுயிர்களின் வேலையும் விரைவு. கூழ் மூடிய தொட்டிக்குள் சென்று மட்குகிறது. வெளிவரும் வாயு பெரிய பைகளில் சேர்கிறது. பின் அது எஞ்சினில் எரிந்து மின்னாக்கியைச் சுழற்றுகிறது.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். 1 யூனிட் மின்சாரம் என்பது 36 லட்சம் ஜூல். ஆகவே 500 யூனிட் 180 கோடி ஜூல். எஞ்சின் வாயுவின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கையே மின்சாரமாக்குகிறது என்று கொள்வோம். அப்படியானால் வாயுவில் 540 கோடி ஜூல் இருந்திருக்க வேண்டும். ஒரு கனமீட்டர் மீத்தேன் எரிந்தால் சுமார் 3.6 கோடி ஜூல் கிடைக்கும். எனவே தேவை 150 கனமீட்டர் மீத்தேன். அதாவது 250 கனமீட்டர் எரிவாயு. நாளொன்றுக்கு 5 யூனிட் செலவிடும் வீடுகள் 100-க்கு இந்த மின்சாரம் போதும்.

இதே கழிவு குப்பை மேட்டில் கிடந்தாலும் அடியில் மீத்தேன் உண்டாகவே செய்யும். ஆனால் அது வானில் கலந்துவிடும். எடைக்கு எடை, நூறாண்டுக் கணக்கில், மீத்தேன் கரியமில வாயுவைப்போல் சுமார் 28 மடங்கு புவியைச் சூடாக்க வல்லது. அதை எரித்துவிட்டால் எஞ்சுவது கரியமில வாயுவும் நீராவியுமே. அந்தக் கரியமில வாயுவும் செடி வளரும்போது காற்றிலிருந்து எடுத்துக்கொண்டதுதான்.

தொட்டிக்கும் வயிறு உண்டு

இவ்வளவு நன்மை இருந்தும் எல்லா அங்காடியிலும் இது ஏன் நடக்கவில்லை? சென்னைக் கோயம்பேடு அங்காடி 1996-இல் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 30 டன் கழிவைக் கையாளும் ஆலை ஒன்று பின்னர் அங்கு அமைந்தது. ஆனால் அது ஓடாமல் நின்றுபோன காலங்களும் உண்டு. ஆலையைக் கட்டுவது ஒரு வேலை. அதை ஆண்டுக்கணக்கில் ஓட்டுவது வேறு வேலை.

தொட்டியை நம் வயிற்றோடு ஒப்பிடலாம். காய்கறிக் கழிவு வெகு விரைவில் அமிலமாகிவிடும். மீத்தேன் தரும் நுண்ணுயிர்களோ மெல்ல வளர்பவை. ஒரேயடியாகக் கழிவைக் கொட்டினால் அமிலம் மிகுந்து அவை செயலிழக்கும். எனவே நாள்தோறும் அளவாக ஊட்ட வேண்டும். சுமார் 35 டிகிரி வெப்பம் அவற்றுக்கு உகந்தது. நம் வறண்ட சீமையில் அதற்குப் பஞ்சமில்லை! பாலித்தீன் பையும் சணல் கயிறும் கலந்துவிட்டால் அரைக்கும் இயந்திரம் சிக்கிக்கொள்ளும். ஆகவே தரம் பிரிக்கும் வேலை ஆலை வாசலில் தொடங்குவதில்லை. கடைக்காரர் அழுகிய காயை ஒரு கூடையிலும், பையை மற்றொன்றிலும் போடும் நொடியில் தொடங்குகிறது. அங்காடியை நடத்துபவரின் திறமை நல்ல இயந்திரம் வாங்குவதில் மட்டும் இல்லை; அந்த இரண்டு கூடைகளும் நாள்தோறும் பயன்படுமாறு பார்த்துக்கொள்வதிலும் இருக்கிறது.

சிற்றூருக்கு ஏற்ற வழி

நரிக்குடி போன்ற ஊரின் கடைகளில் 10 டன் கழிவு சேராது. 100 கிலோ சேர்ந்தால்? மேற்சொன்ன கணக்கின்படி 2.5 கனமீட்டர் வாயு கிடைக்கும். அதை எஞ்சினில் எரித்தால் 5 யூனிட்தான். ஆற்றலில் பெரும்பகுதி வெப்பமாக வீணாகும். நேரே அடுப்பில் எரிப்பதே புத்திசாலித்தனம். மணிக்கு 0.4 கனமீட்டர் எரிக்கும் அடுப்பு ஏறத்தாழ 6 மணி நேரம் எரியும். ஒரு பள்ளியின் மதிய உணவுக்கு அது பெரிய உதவியல்லவா? தொட்டியில் எஞ்சும் கூழில் தழை, மணி, சாம்பல் சத்துக்கள் அப்படியே இருக்கும். வானம் பார்த்த மானாவாரி நிலத்தில் அதை இட்டால் மண் ஈரத்தையும் கூடுதலாகப் பிடித்து வைக்கும்.

செய்து பாருங்கள்

இரண்டு ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில்களை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் சம அளவு காய்கறித் தோலை நறுக்கிப் போட்டு, பாதிவரை நீர் ஊற்றுங்கள். ஒன்றில் மட்டும் ஒரு கைப்பிடி பசுஞ்சாணம் கரையுங்கள். வாயில் பலூனை மாட்டி, நூலால் கட்டி, வெயில் நேரே படாத இடத்தில் வையுங்கள். நாள்தோறும் பலூனின் சுற்றளவை நூலால் அளந்து வரைபடம் வரையுங்கள். முதல் நாட்களில் வருவது பெரும்பாலும் கரியமில வாயு. எனினும் தீயை மட்டும் அருகில் கொண்டு செல்லாதீர்கள். எந்தப் பாட்டிலில் வாயு நெடுநாள் வந்துகொண்டே இருக்கிறது? சாணம் அங்கே என்ன வேலை செய்தது? விடையை உங்கள் ஆசிரியருடன் கலந்து பேசுங்கள்.