புவியியல் பட்டப்படிப்பு: நாடும் தலைநகரமும் மனப்பாடம் செய்வதா?



"பிளஸ் டூ முடிச்சுட்டு என்ன படிக்கப் போறே?" என்று கேட்டால் நம்மில் பாதிப் பேர் நர்சிங் என்போம், மீதிப் பேர் பி.காம். என்போம். யாராவது புவியியல் என்று சொன்னால் உடனே சிரிப்பு வரும். "அதுல என்ன இருக்கு? நாடு, தலைநகரம், ஆறு, மலை. மனப்பாடம் பண்ணா முடிஞ்சுது" என்பார்கள். கல்லூரியில் சொல்லித் தருவது அதுதானா? வாங்க பார்ப்போம்.

எங்கே படிக்கலாம்?

பி.எஸ்சி. புவியியல் மூன்று வருடப் படிப்பு. மொத்தம் ஆறு பருவங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளில் படிக்கலாம். மெரினா கடற்கரைக்கு எதிரே இருக்கும் மாநிலக் கல்லூரியிலும், 1914-ல் பெண்களுக்காகத் தொடங்கிய ராணி மேரி கல்லூரியிலும் புவியியல் துறை உண்டு. இரண்டுமே அரசுக் கல்லூரிகள். நுழைவுத் தேர்வு கிடையாது. பிளஸ் டூ மதிப்பெண்ணைப் பார்த்துத்தான் இடம் தருவார்கள்.

என்ன படிப்பார்கள்?

நாம் "எங்கே இருக்கிறது?" என்று படிக்கிறோம். அவர்கள் அதற்கு மேலே போய் "ஏன் அங்கே இருக்கிறது?" என்று கேட்கிறார்கள். நம்ம புழல் ஏரியையே எடுத்துக்கொள்வோம்.

நம் ஏரிக்குத் தண்ணீர் எப்படி வருகிறது? கொசஸ்தலை ஆற்றின் தண்ணீரைத் தாமரைப்பாக்கம் அணைக்கட்டில் திருப்பி விடுகிறார்கள். அது சோழவரம் ஏரிக்கு வந்து, அங்கிருந்து புழலுக்கு வருகிறது. நிலம் மேற்கிலிருந்து கிழக்கே கடலை நோக்கிச் சரிவதால் தண்ணீர் இந்தப் பக்கம் ஓடி வருகிறது. நிலத்தின் ஏற்ற இறக்கத்தைப் பற்றிச் சொல்லும் பாடம் புவிப்புறவியல்.

ஏரி முழுசாக நிரம்பினால் 3,300 மில்லியன் கன அடி, அதாவது 330 கோடி கன அடி. ஆனால் சென்னைக்குப் பெரிய மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றில்தான் வருகிறது. அது ஏமாற்றினால் அடுத்த கோடையில் திண்டாட்டம்தான். 2019 ஜூனில் நம் ஏரி வறண்டு வெடித்துக் கிடந்தது. இதை விளக்குவது காலநிலையியல்.

2018-ல் தண்ணீரோடு இருந்த ஏரியையும் 2019-ல் வறண்ட ஏரியையும் செயற்கைக்கோள் படம் எடுத்தது. அந்தப் படங்கள் வெளிநாட்டுச் செய்திகளில்கூட வந்தன. இப்படி வானத்திலிருந்து எடுத்த படத்தைப் படிக்கக் கற்றுத் தருவது தொலை நுண்ணுணர்வு. அந்த விவரங்களைக் கம்ப்யூட்டரில் வரைபடத்தின் மேல் அடுக்கடுக்காக வைத்துப் பார்ப்பது புவித் தகவல் முறைமை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. ஏரியில் உபரி நீர் திறந்தார்கள். அந்தத் தண்ணீர் வடகரை, வடபெரும்பாக்கம், கொசப்பூர், மணலி, சடையங்குப்பம் வழியாக எண்ணூர் பக்கம் போகும். தண்ணீர் போகிற வழியில் இத்தனை வீடுகள் எப்படி வந்தன? வேலை தேடி வந்தவர்கள் ஏன் அங்கே குடியேறினார்கள்? இதைக் கேட்பது மக்கள்தொகைப் புவியியல்.

பார்த்தீங்களா, ஒரே ஏரிக்குள் எத்தனை பாடம்!

செய்முறையும் உண்டு

புவியியலுக்கும் செய்முறைத் தேர்வு இருக்கிறது. இந்திய நில அளவைத் துறையின் வரைபடத்தை மேசையில் விரித்துப் படிக்க வேண்டும். 1:50,000 அளவு வரைபடத்தில் 2 செ.மீ. என்றால் நிலத்தில் 1 கி.மீ. தண்ணீர் நீலம், காடு பச்சை, சம உயரக் கோடு பழுப்பு. கோடுகள் நெருக்கமாக இருந்தால் செங்குத்துச் சரிவு, விலகி இருந்தால் சமதளம். சங்கிலி பிடித்து நிலம் அளப்பதும், களப்பயணம் போய் அறிக்கை எழுதுவதும் உண்டு.

உங்களுக்குத் தெரியுமா?

வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரல் 10-ல் நம்ம பரங்கிமலைப் பக்கம்தான் சங்கிலி போட்டு அளக்க ஆரம்பித்தார். முதல் கோடு சுமார் 12 கி.மீ. அந்த அளவை வேலை வடக்கே நீண்டுகொண்டே போய், கடைசியில் எவரெஸ்ட் சிகரத்தின் உயரத்தையே கணக்கிட்டது!

வேலை கிடைக்குமா?

வீட்டில் முதலில் இதைத்தான் கேட்பார்கள். பி.எட். முடித்தால் பள்ளியில் புவியியல் பட்டதாரி ஆசிரியர் ஆகலாம். டி.என்.பி.எஸ்.சி. தேர்வில் புவியியல் கேள்விகள் வரும். ஐ.ஏ.எஸ். தேர்வில் இதை விருப்பப் பாடமாக எடுக்கலாம். வரைபடம் தயாரிக்கும் கம்பெனிகளிலும் வேலை இருக்கிறது. டாக்டர், இன்ஜினீயர் போல உடனே பெயர் சொல்கிற வேலை இல்லைதான். மேற்கொண்டு எம்.எஸ்சி.யோ பி.எட்.டோ படிக்க வேண்டி வரும் என்பதையும் மறைக்கக் கூடாது.

ஆனாலும் ஒன்று யோசிப்போம். எந்தத் தெருவில் முதலில் தண்ணீர் ஏறும், எது மேடு, எது பள்ளம் என்று நம் பாட்டிமாருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் கால்வாய் எங்கே வெட்டுவது, எங்கே வீடு கட்டக் கூடாது என்று முடிவு செய்கிற மேசையில் இருப்பது வரைபடம். அந்த மேசையில் பாட்டி உட்கார முடியாது. வரைபடம் படிக்கத் தெரிந்த பேத்தி உட்காரலாம். அந்தப் பேத்தி நம் பள்ளியிலிருந்து ஏன் போகக் கூடாது?

அதனால் இனி யாராவது "நான் புவியியல் படிக்கப் போறேன்" என்று சொன்னால் சிரிக்காதீங்க. அட்லஸை எடுத்து, "நம்ம ஊர் எங்கே இருக்கு, ஏன் அங்கே இருக்கு?" என்று கூடவே உட்கார்ந்து தேடுங்க.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி