தடுப்பூசி போட்டாயிற்று, பலித்ததா?

சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவர்களில் பெரும்பாலோர் டாக்ரோலிமஸ், மைகோபினோலேட், பிரெட்னிசோலோன் மூன்றையும் விடாமல் விழுங்குகிறார்கள். முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் தருகிறார்கள். அடங்காவிட்டால் ரிட்டுக்ஸிமாப் ஏற்றுகிறார்கள். எல்லாவற்றுக்கும் ‘எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற மருந்து’ என்று ஒரே பெயர் சொல்லிவிடுகிறோம். ஆனால் ஒவ்வொன்றும் கை வைக்கும் இடம் வேறு.

தடுப்பூசி போட்டதும் டி செல்கள் தூண்ட, பி செல்கள் பெருகி ஆன்டிபாடியைச் சுரக்கின்றன. டாக்ரோலிமஸ், டி செல்களை முடுக்கிவிடும் இன்டர்லூகின்-2 உற்பத்தியை அடக்குகிறது. மைகோபினோலேட் இரு வகைச் செல்களையும் பெருக விடாது. ரிட்டுக்ஸிமாப் பி செல்களையே அழித்துவிடும். அவை மீண்டு வர ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆகும். பழைய ஆன்டிபாடியைச் சுரந்துகொண்டிருக்கும் பிளாஸ்மா செல்களை அது நேரடியாகத் தொடுவதில்லை. அதனால் முன்பு கிடைத்த பாதுகாப்பு ஓரளவு நிற்கும், புதிதாகச் சேர்வதுதான் கடினம்.

2021-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் உறுப்பு மாற்றுப் பெற்ற 658 பேரைப் பரிசோதித்தார்கள். இரண்டு தவணை கோவிட் தடுப்பூசிக்குப் பிறகும் 54 சதவீதம் பேரிடம்தான் ஆன்டிபாடி தென்பட்டது.

ஆகவே போட வேண்டிய ஊசிகளை மருந்து தொடங்குமுன் போட்டுவிடுவதே புத்திசாலித்தனம். தட்டம்மை, சின்னம்மை போன்ற உயிருள்ள தடுப்பூசிகளை நான்கு வாரம் முன்பே முடிக்க வேண்டும். மருந்து தொடங்கியபின் பொதுவாக அவை கூடாது. டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு ஹெபடைடிஸ்-பி ஊசியை இரட்டை அளவில் போடுகிறார்கள். கடைசித் தவணை முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் ஆன்டிபாடி அளவு 10-ஐத் தொட்டதா என்று ரத்தத்தில் பார்க்க வேண்டும். ஊசிக்குச் செலவழித்துவிட்டு இந்தப் பரிசோதனையை விட்டுவிடுவது வீண் சிக்கனம். ரிட்டுக்ஸிமாப் ஏற்றுமுன்னும் ஹெபடைடிஸ்-பி பரிசோதனை கட்டாயம். உள்ளே உறங்கும் வைரஸ் விழித்தால் ஈரல் போய்விடும்.

பிரிட்டனில் நடந்த ஓர் ஆய்வில், கோவிட் பூஸ்டருக்குப் பின் மெத்தோட்ரெக்ஸேட்டை இரண்டு வாரம் நிறுத்தியவர்களுக்கு ஆன்டிபாடி ஏறத்தாழ இரு மடங்கானது. அதைப் படித்துவிட்டு நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். மூட்டு வீங்கினாலாவது சமாளிக்கலாம். மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரித்தால் திரும்பப் பெறுவது எளிதல்ல. மருந்துக்கடையில் டாக்ரோலிமஸுக்கு வேறு கம்பெனி மாத்திரை கொடுத்தாலும் டாக்டரிடம் சொல்லுங்கள். ரத்தத்தில் அதன் அளவு பார்க்கும் நாளில், ரத்தம் கொடுத்த பிறகே காலை மாத்திரை.

இதெல்லாம் கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்க வேண்டாம். பயன், ஆபத்து, மாற்று வழி மூன்றையும் சொல்லித்தான் சம்மதம் பெற வேண்டும் என்று சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008-இல் தீர்ப்பளித்திருக்கிறது. சிகிச்சைப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி. மறுத்தால் மாநில மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். பணம் கட்டிப் பெற்ற சிகிச்சையில் கவனக்குறைவு என்றால், இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம்.

வீட்டில் உள்ள மற்றவர்களும் ஃப்ளூ, கோவிட் ஊசிகளைப் போட்டுக்கொள்வது நோயாளிக்குக் கூடுதல் காவல். காய்ச்சல் வந்தால் பாரசிட்டமால் போட்டு இரண்டு நாள் பார்க்கலாம் என்ற பழக்கம் இவர்களுக்கு ஆகாது. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள்.