நடுவர் இல்லாத ஆட்டம்
சர்வர் வைக்க வசதியில்லாத சிறு வீடியோ கேம் தயாரிப்பாளர்கள், ஆடுபவர்களை நேரடியாக இணைக்கப் பார்க்கிறார்கள். குறுக்கே நிற்பது முகவரிப் பஞ்சம்.

காளஹஸ்தியில் ஒரு மாணவன். 100 கி.மீ.க்குச் சற்று அதிகத் தொலைவில், சென்னையில், அவனுடைய அத்தை மகன். இருவரும் செல்போனில் மோத நினைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய நிறுவனத்தின் கேம் என்றால் கவலையில்லை. மும்பையிலோ சிங்கப்பூரிலோ உள்ள சர்வர் நடுவராக இருந்து ஆட்டத்தை நடத்திவிடும். ஓரிருவர் சேர்ந்து உருவாக்கிய கேம் என்றால்? மாதாமாதம் சர்வர் வாடகை கட்ட அவர்களிடம் பணம் ஏது?

சிக்கனமான வழி, நடுவரை நீக்கிவிட்டு இரு கருவிகளையும் நேரடியாகப் பேசவிடுவது. ஒரே அறையில் இது சுலபம். 2010-களில் 'மினி மிலிஷியா' இந்தியக் கல்லூரி விடுதிகளை ஆட்டிப்படைத்தது இப்படித்தான். ஒருவர் ஹாட்ஸ்பாட் போடுவார், மற்றவர்கள் இணைவார்கள். இன்டர்நெட்டே வேண்டாம்.

ஊர் விட்டு ஊர் என்றால்தான் சிக்கல். ஐபிவி 4 எனும் பழைய வகை இணைய முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடி. ஆசிய-பசிபிக் பகுதியின் பொதுக் கையிருப்பு 2011 ஏப்ரலிலேயே தீர்ந்துவிட்டது. எனவே செல்போன் நிறுவனங்கள் ஒரே முகவரியைப் பலருக்குப் பங்கிட்டன. காளஹஸ்தியில் பக்தர்கள் தங்கும் லாட்ஜ் போலத்தான் இது. அறையிலிருந்து வெளியே பேசலாம். வெளியிலிருந்து அழைப்பவருக்கோ வரவேற்பறை எண் மட்டுமே தெரியும். எந்த அறை என்று தெரியாது.

இதற்கும் உபாயம் உண்டு. இருவரும் ஒரு சிறிய சர்வரிடம் தங்கள் வெளி முகவரியைக் கேட்டறிகிறார்கள். இந்த 'ஸ்டன்' முறைக்கு 2003-லேயே விதிகள் வகுக்கப்பட்டன. பிறகு ஒரே சமயத்தில் ஒருவரையொருவர் அழைக்கிறார்கள். தன் அறை கேட்ட பதில்தான் வருகிறது என்று நம்பி இரண்டு வரவேற்பறைகளும் வழிவிடுகின்றன. ஆனால் ஒவ்வொரு அழைப்புக்கும் வெளி எண்ணை மாற்றும் நெட்வொர்க்குகளில் இந்தத் தந்திரம் பலிப்பது கடினம். அப்போது இடைத்தரகர் சர்வர்தான் கதி. மறுபடியும் வாடகை!

அமெரிக்கரான எரிக் பரோன் தனியாளாக உருவாக்கிய விவசாய கேம் 'ஸ்டார்டியூ வேலி'. 2016 பிப்ரவரியில் வெளியானது. பலர் சேர்ந்து ஆடும் வசதி கம்ப்யூட்டருக்கு வந்தது 2018 ஆகஸ்டில்தான். அதில் ஆடுபவர் ஒருவரின் கம்ப்யூட்டரே பண்ணையை நடத்துகிறது. அவர் எழுந்து போனால் ஆட்டம் நின்றுவிடும்.

குறைதான். ஆனால் 2024 மார்ச் 31-ல் யூபிசாஃப்ட் நிறுவனம் 'தி க்ரூ' கார் பந்தய கேமின் சர்வர்களை மூடியபோது, காசு கொடுத்து வாங்கியவர்களாலும் அதை ஆட முடியவில்லை. நேரடி இணைப்பில் ஓடும் கேமை அப்படி ஒரேயடியாகப் பூட்டுவது கடினம்.

ஐபிவி 6 எனும் புதிய வகை முகவரிகளுக்குப் பஞ்சமில்லை. 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு இவற்றின் பயன்பாட்டில் இந்தியா உலகின் முன்னணி நாடுகளில் ஒன்றாகிவிட்டது. லாட்ஜின் ஒவ்வொரு அறைக்கும் தனி எண் கிடைக்கத் தொடங்கிவிட்டது. ஆனால் பாதுகாப்புத் தடுப்பு என்ற பெயரில் வாசலில் இன்னமும் ஒரு காவலாளி நிற்கிறார்.