கணினி நகரில் கல்லெழுத்தும் நந்தியும்

மகன் வீட்டிலோ மகள் வீட்டிலோ சில மாதங்கள் தங்கி வருவதற்காகப் பெங்களூருக்குப் பயணப்படும் முதியோர் இன்று தமிழகத்தில் ஏராளம். காலையில் பிள்ளைகள் அலுவலகத்துக்கும் பேரக்குழந்தைகள் பள்ளிக்கும் புறப்பட்டுவிட்டால், பன்னிரண்டாம் மாடியின் சாளரத்தில் தெரிவது எதிர்க் கட்டடத்தின் கண்ணாடிச் சுவர் மட்டுமே. ஊரில் கோயில் மணியோசை கேட்டு எழுந்தவர்களுக்கு இங்கே லிஃப்ட் ஏறி இறங்கும் ஓசைதான் துணை. 'இது கணினிக்காரர்களின் ஊர். நமக்கு இங்கே என்ன இருக்கிறது?' என்ற ஏக்கம் எழுவது இயல்பே.

ஆனால், அந்தக் கண்ணாடிச் சுவர்களின் நிழலிலேயே ஆயிரம் ஆண்டுப் பழைமை கொண்ட ஆலயங்கள் பல உள்ளன. அவற்றுள் சிலவற்றில் தமிழ் எழுத்துகளே வரவேற்கின்றன.

பேருந்து நிற்கும் இடத்திலேயே தமிழ்

ஓசூர் வழியாக வரும் தமிழகப் பேருந்துகளில் பயணம் செய்பவர்கள் பலரும் இறங்கும் இடம் மடிவாளா. வாகன நெரிசலுக்குப் பெயர்போன அந்தப் பகுதியில் அமைதியாக எழுந்தருளியிருக்கிறார் சோமேஸ்வரர். இக்கோயிலில் 1247-ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று உள்ளது. வெங்களூர்ப் பெரிய ஏரியின் கீழுள்ள நிலங்களைப் பற்றி அது பேசுகிறது. இன்றைய மாநகரம் அன்று ஏரியும் வயலுமாக இருந்த ஊர் என்பதற்கு அந்தக் கல்லே சாட்சி.

வேட்டையில் வழி தவறிய ஹொய்சள மன்னன் வீரவல்லாளனுக்கு மூதாட்டி ஒருத்தி வேகவைத்த பயறு கொடுத்தாள் என்றும், அதனால் 'பெந்த காளூரு' என வழங்கிய பெயரே பெங்களூர் ஆயிற்று என்றும் செவிவழிக் கதை ஒன்று உண்டு. நகரின் தென்புறத்தில் உள்ள பேகூர் நாகேஸ்வரர் கோயிலுக்குச் சென்றால் அந்தக் கதைக்கு மறுப்பு கிடைக்கிறது. கங்கர் காலத்தைச் சேர்ந்த, ஏறத்தாழ கி.பி. 890-ல் பழங்கன்னடத்தில் பொறிக்கப்பட்ட அங்குள்ள கல்வெட்டு, 'பெங்களூரு' போரில் உயிர்நீத்த வீரன் ஒருவனைக் குறிப்பிடுகிறது. வல்லாளன் அரியணை ஏறுவதற்கு இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக முன்பே ஊர்ப்பெயர் வழக்கில் இருந்திருக்கிறது! ஐந்து லிங்கங்களைத் தரிசிக்கக் கிடைக்கும் இத்தலத்தில் ஒருவரின் திருநாமம் சோழேஸ்வரர்.

தொம்லூரில் இன்னொரு வியப்பு காத்திருக்கிறது. மதுரையில் சொக்கநாதர் என்றால் சிவபெருமான். இங்குள்ள சொக்கநாத சுவாமி கோயிலிலோ அப்பெயருடன் ஸ்ரீதேவி, பூதேவி சமேதராக அருள்பாலிப்பவர் பெருமாள். கல்வெட்டுகள் அவரைச் சொக்கப் பெருமாள் என்றே அழைக்கின்றன. அந்நாளில் இவ்வூருக்குத் தேசிமாணிக்கப் பட்டணம் என்ற பெயரும் இருந்தது. கன்னட நாட்டின் நடுவே, அலுவலகக் கட்டடங்கள் சூழ்ந்த ஒரு தெருவில், கோயிற் கல்லில் தமிழ் எழுத்துகளைக் காணும் அன்பர்களுக்கு மனம் நெகிழாமல் இராது.

கெம்பே கௌடர் அமைத்த நகரம்

1537-ல் மண்கோட்டை எழுப்பி இந்நகருக்கு வடிவம் கொடுத்தவர் கெம்பே கௌடர். நான்கு திசைகளிலும் ஏர் பூட்டி உழச் செய்து அவர் வீதிகளை வகுத்தார் என்பது மரபு. அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் தலங்களுள் ஒன்று அல்சூர் சோமேஸ்வரர் ஆலயம். களைத்து மரத்தடியில் உறங்கிய கௌடரின் கனவில் ஈசன் தோன்றிப் புதையல் இருக்குமிடத்தைக் காட்டினார் என்றும், அப்பொருளைக் கொண்டே அவர் ஆலயத் திருப்பணி செய்தார் என்றும் கூறுவர். விஜயநகரப் பாணித் தூண்கள் நிறைந்த மண்டபத்தில் நின்று பார்க்க நேரம் போதாது. 1809-க்குப் பின் ஆங்கிலேயப் படை முகாமோடு வந்து குடியேறிய தமிழர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் வாழும் பகுதி இது. கடைவீதியில் தமிழிலேயே பூ விலை கேட்கலாம்.

தெற்கே பசவனகுடியில் ஒரே கல்லில் வடித்த பெரிய நந்தி, ஏறத்தாழ 15 அடி உயரமும் 20 அடி நீளமும் கொண்டு அமர்ந்திருக்கிறது. நிலக்கடலைப் பயிரை மேய்ந்துவந்த காளையைச் சாந்தப்படுத்த, முதல் விளைச்சலைப் படைப்பதாக உழவர்கள் வேண்டிக்கொண்டனராம். அதன் நினைவாக ஆண்டுதோறும் நடைபெறுவதே 'கடலேகாய் பரிஷே' என்னும் நிலக்கடலைத் திருவிழா. கன்னடப் பஞ்சாங்கப்படி கார்த்திகை மாதத்தின் கடைசித் திங்கட்கிழமையில் இது நிகழும். தமிழ்க் கார்த்திகையோடு நாள் மாறுபடும் என்பதால் முன்கூட்டியே விசாரித்துச் செல்வது நலம். அருகிலேயே தொட்ட கணபதி. வெண்ணெய்க் காப்பில் அவரைக் காண்பது தனி அழகு.

அங்கிருந்து சிறிது தொலைவில் கவி கங்காதரேஸ்வரர் குகைக்கோயில். 'கவி' என்றால் கன்னடத்தில் குகை. மகர சங்கராந்தியன்று மாலைக் கதிரவனின் ஒளி, நந்தியின் இரு கொம்புகளுக்கு இடையே நுழைந்து லிங்கத் திருமேனியைத் தழுவுகிறது. முற்றத்தில் நிற்கும் பெரிய கல் வட்டுகள் சூரிய பானம், சந்திர பானம் எனப்படுகின்றன. கணக்கிடும் கருவி எதுவுமின்றிக் கதிரவனின் பாதையைக் கண்டறிந்து கோயில் அமைத்த சிற்பிகளின் அறிவு, கணினிப் பொறியாளரான பிள்ளைகளையும் வியக்க வைக்கும். குகைக்குள் வலம்வரும் பாதையில் கூரை தாழ்வாக இருக்கும். குனிந்தே நடக்க வேண்டும். முதுகுவலியோ மூட்டுவலியோ உள்ளவர்கள் சந்நிதியில் நின்று வணங்குவதே போதும்.

மண்ணுக்குள் இருந்த நந்தி

1898-ல் கொள்ளைநோய் பரவியபோது, நெரிசலான பழைய ஊரை விட்டு மக்கள் வெளியேறிக் குடியிருக்கப் புதிய பகுதிகள் அமைக்கப்பட்டன. பசவனகுடி, மல்லேஸ்வரம் என்ற அவ்விரு பகுதிகளுக்கும் அங்கிருந்த தெய்வங்களின் பெயர்களே நிலைத்தன.

மல்லேஸ்வரத்தின் காடு மல்லேஸ்வரர் கோயிலுக்குத் தஞ்சைத் தொடர்பும் உண்டு. 1669-ல் இக்கோயிலுக்கு ஊர் ஒன்றைத் தானமளித்த செய்தியைக் கல்வெட்டு கூறுகிறது. அளித்தவர் சத்ரபதி சிவாஜியின் சகோதரர் ஏகோஜி. பின்னாளில் தஞ்சையில் மராட்டிய அரசை நிறுவியவரும் அவரே.

இக்கோயிலின் எதிரில் 1997-ஆம் ஆண்டு வரை வெறும் மண்மேடுதான் இருந்தது. அவ்வாண்டு தோண்டியபோது, அடியில் கல் தூண்களும் திருக்குளமும் நந்தியும் லிங்கமும் முழுமையாக வெளிப்பட்டன. இன்று நந்தி தீர்த்தம் என்று வழங்கும் அவ்விடத்தில், நந்தியின் வாயிலிருந்து வழியும் நீர் கீழேயுள்ள சிவலிங்கத்தை இடையறாது அபிஷேகம் செய்து குளத்தை அடைகிறது.

அந்த நீரைக் காணும்போது ஒன்றை நினையாமல் இருக்க முடியாது. கோயில் கட்டியவர்கள் குளமும் ஏரியும் வெட்டிய ஊர் இது. அவற்றுள் தர்மாம்புதி என்னும் ஏரி இருந்த இடத்தில்தான் இன்று மெஜஸ்டிக் பேருந்து நிலையம் நிற்கிறது. வேறு பல ஏரிகளும் மனைகளாயின. 2024-ஆம் ஆண்டுக் கோடையில் உயர்ந்த குடியிருப்புகளின் வாசல்களில் தண்ணீர் லாரிகள் வரிசையில் நின்றன. சுமார் நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து காவிரி மேலேற்றப்பட்டு வந்தும் நகரின் தாகம் தீரவில்லை. ஏரியின் பெயரைச் சொல்லி நிலத்தை அளந்த மடிவாளாக் கல்லெழுத்தின் அருமை அப்போது விளங்கும்.

செல்லும் வழி

அல்சூருக்கு மெட்ரோவின் ஊதாப் பாதையில் ஹலசூரு நிலையம். பசவனகுடிக்குப் பச்சைப் பாதையில் நேஷனல் காலேஜ் நிலையம். மல்லேஸ்வரத்துக்கு அதே பாதையில் சம்பிகே ரோடு நிலையம். நிலையங்களில் லிஃப்ட் வசதி இருப்பதால் படியேறும் சிரமமில்லை. அங்கிருந்து ஆட்டோவில் கோயிலை அடையலாம். பேகூருக்கும் தொம்லூருக்கும் கார் அல்லது ஆட்டோவே வசதி. ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்க்க முயலாமல், வாரம் ஒரு தலம் என்று வைத்துக்கொண்டால் உடலும் தாங்கும், மனமும் நிறையும். நண்பகலில் நடை சாத்தியிருக்கும் என்பதால் காலையிலேயே புறப்படுவது நல்லது.

விடுமுறை நாளாக இருந்தால் பேரக்குழந்தையையும் உடன் அழைத்துச் செல்ல வேண்டும். பெங்களூரில் வளரும் தமிழ்ப் பிள்ளைகள் பலர் வீட்டில் தமிழ் பேசினாலும் எழுத்தறியாதவர்கள். தொம்லூர்க் கல்வெட்டின் பழைய எழுத்துகள் முழுவதும் தாத்தா பாட்டிக்கும் புரியாதுதான். ஆயினும் தெரிந்த ஓர் எழுத்தை விரலால் சுட்டி, "இது 'ப', உன் பெயரிலும் இருக்கிறது பார்" என்று சொல்ல அவர்களால் முடியும். பகல் முழுவதும் சாளரத்தருகே காத்திருந்த முதியவர்களுக்கு, அந்த நகரில் தங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது என்பது அப்போது தெரியவரும்.