நடுக்கூடத்தில் இருக்கிறது குடும்பத்தின் ஆரோக்கியம்

வீடு கட்டப்போகிறவர்கள் என்ஜினீயரிடம் முதலில் பேசுவது படுக்கையறைகளின் எண்ணிக்கையைப் பற்றித்தான். அடுத்து அட்டாச்டு பாத்ரூம், மாடுலர் கிச்சன், ஃபால்ஸ் சீலிங், டிவி மாட்டுகிற சுவர். இந்த வீட்டில் நாங்கள் எங்கே கூடி உட்காருவோம், அந்த இடத்துக்குக் காற்று எந்தப் பக்கமிருந்து வரும் என்ற கேள்வி கடைசிவரை எழுவதே இல்லை. உடம்பின் நலனும் மனத்தின் நலனும் அந்தக் கேள்வியில்தான் இருக்கின்றன. ஒவ்வொருவரும் அவரவர் வேலையைச் செய்துகொண்டே மற்றவர் கண்ணில் பட்டுக்கொண்டிருக்கிற, வெளிச்சமும் காற்றும் உள்ள ஒரு பொது இடம் வீட்டுக்குள் இருந்தாக வேண்டும். மற்ற அலங்காரமெல்லாம் அதற்கு அடுத்தபடிதான்.

தறி போட்ட வீடு

காஞ்சிபுரத்துக்கு மேற்கே, பாலுசெட்டி சத்திரத்தை ஒட்டியிருக்கிறது திருப்புட்குழி. அந்த வட்டாரத்து நெசவாளர் வீடுகள் உள் அலங்காரம் என்ற சொல்லைக் கேள்விப்படாமலே இந்தப் பாடத்தைத் தெரிந்துவைத்திருந்தன. வீட்டின் பெரிய இடம் தறிக்கு. குழிக்குள் காலை இறக்கி, மிதியை மிதித்தபடி ஒருவர் நெய்வார். பக்கத்தில் ஒருவர் ராட்டினத்தில் நூலைத் தாராகச் சுற்றுவார். கோர்வைச் சேலையாக இருந்தால் ஒருவரால் நெய்ய முடியாது. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் என்பதால் குறுக்கிழையைக் கொண்டுபோகும் நாடாக்கள் மூன்று ஓட வேண்டும். ஒரு பக்கக் கரையின் நாடாவைத் தள்ளத் துணையாள் தறியோரத்தில் உட்கார வேண்டும். ஒருவர் கை ஓடுவதைப் பார்த்து இன்னொருவர் கை ஓடும். சமையலறையிலிருந்து கேட்கிற கேள்விக்குத் தறியிலிருந்தே பதில் வரும். அந்த வீட்டில் குடும்பத்தோடு இருப்பதற்கென்று தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. வேலை செய்கிற இடமே கூடியிருக்கிற இடமாக இருந்தது.

இதைப் பழம்பெருமையாகச் சொல்லவில்லை. அந்த வீடுகளில் நோயும் இருந்தது. மழைக்காலத்தில் குழியில் ஈரம் ஊறும். மங்கிய வெளிச்சத்தில் ஜரிகை இழையைப் பார்த்துப் பார்த்துக் கண் களைக்கும். இடுப்பும் முழங்காலும் வலிக்கும். ஒரு காலத்தில் துணையாளாக உட்கார்ந்தவர்களில் பலர் பள்ளிக்கூடம் போயிருக்க வேண்டிய பிள்ளைகள். தார் சுற்றுவதும் சமைப்பதும் பெண்ணின் தலையில் ஒருசேர விழுந்தன. ஆகவே அந்த வீட்டை அப்படியே திரும்பக் கட்டச் சொல்வது தவறு. அதன் அண்மையை எடுத்துக்கொண்டு, இருட்டையும் ஈரத்தையும் விட்டுவிட வேண்டும்.

உடம்பு என்ன சொல்கிறது

அண்மைக்கும் ஆயுளுக்கும் தொடர்பு உண்டா என்று கேட்டால், உண்டு என்பதற்கு வலுவான ஆதாரம் இருக்கிறது. 148 ஆய்வுகளை, 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்த ஓர் அலசல் 2010-ல் வெளிவந்தது. நெருக்கமான உறவுகள் உள்ளவர்கள் ஆய்வுக் காலத்தில் உயிரோடிருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ 50 சதவீதம் கூடுதலாக இருந்தது. லாஸ் ஏஞ்சலிஸில் வேலைக்குப் போகும் தம்பதிகள் தங்கள் வீட்டைச் சுற்றிக்காட்டிப் பேசியதை ஆராய்ந்த இன்னோர் ஆய்வும் அதே ஆண்டில் வெளிவந்தது. வீடு அடைசலாக இருக்கிறது, வேலை முடியாமல் கிடக்கிறது என்று அதிகம் சொன்ன பெண்களுக்கு மன அழுத்த ஹார்மோனான கார்டிசால் மாலையில் இறங்க வேண்டிய அளவு இறங்கவில்லை. இப்படிப்பட்ட ஆய்வுகள் தொடர்பைத்தான் காட்டும். அடைசல்தான் காரணம் என்று அடித்துச் சொல்லாது. என்றாலும் நம் வீடுகளில் அடைசலாகக் கிடக்கிற பொருட்களை எடுத்து வைக்கிற வேலை யார் கையில் விழுகிறது என்பதை நினைத்தால், பெண்களிடம் மட்டும் இந்தத் தொடர்பு தெரிந்ததில் வியப்பில்லை.

காற்றைப் பற்றிய ஆதாரம் இன்னும் நேரடியானது. பெரு நாட்டின் லிமா நகரில் எட்டு மருத்துவமனைகளின் 70 அறைகளில் காற்றோட்டத்தை அளந்து 2007-ல் ஒரு முடிவு வெளியானது. உயரமான கூரையும் பெரிய ஜன்னல்களும் கொண்ட பழைய அறைகளே காற்றோட்டத்தில் முந்தின. ஜன்னல்களையும் கதவுகளையும் திறந்துவைத்தபோது, இயந்திரம் வைத்துக் காற்று மாற்றிய அறைகளைவிட இரண்டு மடங்குக்கும் மேல் காற்று மாறியது. காசநோய் பரவும் அபாயமும் குறைவு என்று கணக்கிடப்பட்டது. கூடி உட்காருவது நல்லது என்றால், அந்த இடத்தில் காற்று தேங்காமல் இருந்தால்தான் நல்லது. அடைத்த ஹாலில் ஆறு பேர் கூடினால் அன்போடு இருமலும் பகிரப்படும். ஜன்னல் ஒரே சுவரில் இருந்தால் போதாது. எதிர்ச் சுவரிலோ பக்கச் சுவரிலோ காற்று வெளியேற வழி வேண்டும்.

தனி அறை வேண்டாமா?

நிச்சயம் வேண்டும். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குக் கதவைச் சாத்திக்கொண்டு படிக்க இடம் வேண்டும். புதிதாகத் திருமணமானவர்களுக்கும், பிள்ளை பெற்றவளுக்கும், இரவு வேலை முடித்துப் பகலில் உறங்குகிறவருக்கும் மறைவு வேண்டும். எல்லோரும் எப்போதும் எல்லோர் கண்ணிலும் படுகிற வீட்டில் மூச்சுமுட்டும். குறிப்பாக மருமகள்களுக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் தனி அறை உறங்கவும் படிக்கவும் போதுமானதாக இருந்தால் சரி. டிவி, சாப்பாடு, செல்போன் சார்ஜர் என்று எல்லாவற்றையும் அறைக்குள் கொண்டுபோன பிறகு, வெளியே வரக் காரணமே இல்லாமல் போகிறது. சார்ஜரைக் கூடத்தில் வையுங்கள். இரவில் தூக்கமும் கெடாது.

முதியவரின் கட்டில் எங்கே போடப்படுகிறது என்பதை வைத்தே ஒரு வீட்டை எடைபோட்டுவிடலாம். சீதைக்காகப் போராடி வீழ்ந்த ஜடாயுவுக்கு ராமன் மகனாக நின்று இறுதிக்கடன் செய்த இடம் திருப்புட்குழி என்கிறது தல வரலாறு. ஊர்ப்பெயரிலேயே புள், அதாவது பறவை, இருக்கிறது. இறந்த பிறகு செய்கிற கடனுக்கு முன்னால், இருக்கும்போது செய்கிற கடன் ஒன்று உண்டு. பின்கட்டு அறையில் தனியாகக் கிடக்கிற தாத்தா பேச்சுக்குரல் கேட்காமல் பகலெல்லாம் உறங்குவார், இரவில் விழித்திருப்பார். கட்டிலைக் கூடத்தை ஒட்டிய, வாசல் தெரிகிற அறைக்கு மாற்றுங்கள். கழிப்பறைக்குப் போகும் வழியில் நிலைப்படி தடுக்காமலும், பிடிக்கக் கம்பியும் இரவு விளக்கும் இருக்கும்படியும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சின்ன வீட்டில் எப்படி?

இதெல்லாம் இடமும் பணமும் உள்ளவர்களுக்கு என்பார்கள். செலவு வைக்கிறவை ஃபால்ஸ் சீலிங்கும் ஷோகேஸும்தான். நாம் இன்னும் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம், பூத் தொடுக்கிறோம், பிள்ளைகளைப் படிக்கவைக்கிறோம். ஜன்னலை மட்டும் நாற்காலியில் உட்காருகிறவருக்கான உயரத்தில் வைக்கிறோம். குழித்தறியில் உட்கார்ந்தவரின் கை தரைமட்டத்தை ஒட்டியே இருக்கும். மூன்றடிக்கு மேல் இருக்கிற ஜன்னலின் காற்று அவர் தலைக்கு மேலே போய்விடும். தரையில் உட்காருகிற குடும்பத்துக்கும் இதே கணக்குத்தான். கூடத்து ஜன்னல் ஒன்றையாவது தரையிலிருந்து ஒன்றரை அடியில் தொடங்கி, குழந்தைகளுக்காகக் கம்பியும் கொசுவுக்காக வலையும் போடச் சொல்லுங்கள். ஓட்டு வீடாக இருந்தால் இரண்டு கண்ணாடி ஓடு போதும். கான்கிரீட் கூரையின் மேல் வெள்ளையடித்தால் சித்திரை வெயிலில் கூடம் பகலிலும் உட்காரத்தக்கதாக இருக்கும்.

2024-ல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டின் பரப்பு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடி கான்கிரீட் கூரை. மீதி 60 சதுர அடியை, தீப்பிடிக்காத கூரையாக இருந்தால் போதும், பயனாளி தன் விருப்பப்படி அமைக்கலாம். அந்த 60 சதுர அடியைப் பழைய சாமான் போடுகிற இடமாக்கிவிடாதீர்கள். தெருவைப் பார்த்து, நிழல் விழுகிற பக்கமாக, நான்கு பேர் உட்காரும்படி ஒரு திண்ணை கட்டுங்கள்.